களவை மறைப்பதும் களவே

அடகுக் கடை ஒன்றில் இரவோடிரவாகத் திருடர் புகுந்து, ஊராரின் நகைகளை வாரிக்கொண்டு போய்விட்டனர் என்று வைத்துக்கொள்வோம். காலையில் கடை திறந்த முதலாளி, உடைந்த பூட்டை மாற்றிவிட்டு, வழக்கம்போல் கல்லாவில் உட்கார்ந்து, வட்டி கட்ட வந்தவர்களிடம் வட்டியையும் வாங்கிக்கொண்டு, நகையைப் பற்றி வாய் திறவாமல் இரண்டு மாதம் காலந் தள்ளுவாரானால் அவரை நாம் என்னவென்று சொல்வோம்? கன்னமிட்ட கள்வன் ஒரு குற்றம் செய்தான். இந்த மனிதர் அதற்கு மேல் இன்னொரு குற்றம் செய்தார் என்று ஊர் கூடிச் சொல்லாதா?

இக்காலத்தில் பெருங் கம்பெனிகளிடம் ஜனங்கள் ஒப்புவித்திருப்பது நகைகளை மட்டுமல்ல. பெயர், பிறந்த தேதி, வீட்டு விலாசம், ஆதார் எண், பாங்கிக் கணக்கு, செல்போன் எண், உடம்பிலுள்ள வியாதி ஆகிய அனைத்தும் யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டரில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைக் கள்வர் கவர்ந்து செல்லுகையில், பல கம்பெனிகள் மேற்சொன்ன அடகுக் கடைக்காரரைப் போலவே நடந்துகொள்கின்றன. களவு போனவுடன் ஒரு வர்த்தக ஸ்தாபனம் செய்ய வேண்டியது யாது, செய்யத் தகாதது யாது என்பதைப் பற்றி நமது அபிப்பிராயத்தை இன்று தெளிவாகக் கூற விரும்புகிறோம்.

முதலாவதாக ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். நகை களவு போனால் பெட்டி காலியாகிவிடும். தகவல் களவு போனாலோ, கம்பெனியின் பெட்டியில் அது அப்படியே இருக்கும். கள்வனிடம் ஒரு நகலும் இருக்கும். தன்னிடமிருந்து ஒன்றும் குறையவில்லை என்பதால், கம்பெனிக்குத் தனக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்ற எண்ணம் எளிதில் உண்டாகிவிடுகிறது. நஷ்டமெல்லாம் வேறெங்கோ, தன் விவரம் போனதே அறியாத ஒரு குமாஸ்தாவின் வீட்டிலோ, ஒரு விதவையின் பாங்கிக் கணக்கிலோ நேருகிறது. நகையை மீட்டால் மீட்டதுதான். தகவலை மீட்க முடியாது. பாஸ்வேர்டை மாற்றலாம். பிறந்த தேதியை மாற்ற முடியுமா? கைரேகையை மாற்ற முடியுமா? ஒருமுறை வெளிப்பட்ட வியாதியை மறுபடி ரகசியமாக்க முடியுமா? ஆகையால், களவு போன விஷயத்தில் உடையவனுக்குள்ள ஒரே பாதுகாப்பு, தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய சமயம் வந்துவிட்டது என்பதை அறிவதுதான். அந்த அறிவையும் மறைத்துவிட்டால் அவனிடம் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

அமெரிக்காவிலுள்ள ஈக்விபாக்ஸ் கம்பெனியின் கதை இவ்விஷயத்தில் வர்த்தகர் ஒவ்வொருவரும் படித்தறிய வேண்டியதாகும். கடன் வாங்குவோரின் நாணயத்தைக் கணக்கிட்டு பாங்கிகளுக்குத் தெரிவிப்பது அதன் தொழில். அது உபயோகித்து வந்த ஒரு சாப்ட்வேரில் ஓட்டை இருப்பதும், அதை அடைக்கும் மருந்தும் 2017 மார்ச்சிலேயே உலகறிய வெளியாயின. கம்பெனி அடைக்கவில்லை. மே மாதத்தில் கள்வர் புகுந்தனர். போக்குவரத்தைக் கண்காணிக்க வைத்திருந்த கருவியோ, அதற்குரிய சான்று 19 மாதங்களுக்கு முன்பே காலாவதியாகிவிட்டதால், கண்ணிருந்தும் குருடாக இருந்தது. ஜூலை 29-ல் களவு தெரியவந்தது. ஜனங்களுக்கு அறிவித்ததோ செப்டம்பர் 7-ல். ஏறக்குறைய 14 கோடியே 70 லட்சம் பேருடைய விவரங்கள் போயிருந்தன. இடைப்பட்ட நாற்பது நாளும் அந்தக் கோடிக்கணக்கான மக்கள் கதவு திறந்திருப்பதறியாமல் உறங்கினர்.

அறிவித்த பிறகாவது ஒழுங்காக நடந்ததா? கலங்கிய ஜனங்களுக்கு வழிகாட்ட வேண்டிய கம்பெனியின் ட்விட்டர்ப் பக்கமே தவறான ஓர் இன்டர்நெட் விலாசத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தது. நல்ல வேளையாக, அந்தப் போலி விலாசத்தை அமைத்தவர் கம்பெனியின் அஜாக்கிரதையை எடுத்துக்காட்ட விரும்பியவரேயன்றிக் கள்வர் அல்லர். தலைமை அதிகாரியாக இருந்து விலகிய ரிச்சர்டு ஸ்மித், அமெரிக்கக் காங்கிரஸ் முன் சாட்சி சொல்லுகையில், ஒரு தனி ஊழியர் செய்தியை உரியவர்களுக்கு எட்டவைக்கத் தவறியதைக் காரணமாகக் காட்டினார். கோடிக்கணக்கான மனிதரின் ரகசியத்தை வைத்துப் பணம் பண்ணும் ஒரு ஸ்தாபனத்தின் பந்தோபஸ்து முழுவதும் ஒரு சிப்பந்தியின் ஞாபக சக்தியில் தொங்கிக்கொண்டிருந்தது என்றால், அது அந்தச் சிப்பந்தியின் குற்றமா, டைரக்டர்களின் குற்றமா என்று நாம் வினவுகிறோம். இதற்கிடையே, செய்தி வெளியாவதற்கு முன் தன் ஷேர்களை விற்றுவிட்ட ஓர் அதிகாரி 2019-ல் சிறைத் தண்டனை பெற்றார். ஜனங்களுக்குச் சொல்லாத செய்தி சிலருக்குச் சொந்த லாபத்துக்கு உதவிற்று!

இன்னொரு உதாரணம் இதனினும் கேவலமானது. வாடகைக் கார் நடத்தும் ஊபர் கம்பெனியிடமிருந்து 2016-ல், பிரயாணிகளும் டிரைவர்களுமாக 5 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்கள் களவாடப்பட்டன. கம்பெனியார் என்ன செய்தார்கள்? கள்வருக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்து, வாய் திறப்பதில்லை என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொன்னதற்கு அளித்த சன்மானம் என்று கணக்கெழுதினார்கள்! புதிய தலைமை அதிகாரி வந்த பிறகு, 2017 நவம்பரில்தான் பூசணிக்காய் சோற்றுக்கு மேலே தெரிந்தது. மாகாண சர்க்கார்களுக்குக் கம்பெனி 14 கோடியே 80 லட்சம் டாலர் கொடுத்து வழக்கைத் தீர்க்க நேர்ந்தது. பந்தோபஸ்து அதிகாரியாக இருந்த ஜோ ஸல்லிவன் என்பவர் முன்னாளில் சர்க்கார் வக்கீலாக உத்தியோகம் பார்த்தவர். அவரை 2022 அக்டோபரில் ஜூரிகள் குற்றவாளி என்று தீர்மானித்தனர். எதற்காக? களவு கொடுத்ததற்காக அல்ல; களவை மறைத்ததற்காக. களவு கொடுப்பது துரதிருஷ்டமாக இருக்கலாம். மறைப்பது எப்பொழுதும் மனமறிந்து செய்வதே என்ற இந்த நியாயத்தை நமது வர்த்தகர்கள் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டுகிறோம்.

"உண்மையை உரக்கச் சொன்னால் வியாபாரம் கெட்டுவிடாதா? பீதி பரவாதா? ஓட்டையை அடைக்குமுன் ஊருக்குச் சொன்னால் வேறு கள்வரும் அதே வழியில் வரமாட்டார்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. இவற்றுள் கடைசிக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கதவை அடைப்பதற்கு வேண்டிய சில மணி நேரத்தையோ, போலீஸார் துப்புத் துலக்க வேண்டிக் கேட்கும் சிறிது அவகாசத்தையோ எவரும் ஆக்ஷேபிக்கமாட்டார்கள். ஆனால் அவகாசம் என்ற போர்வையில் மாதக்கணக்காக மௌனம் சாதிப்பது வேறு. வியாபாரம் கெட்டுவிடும் என்ற பயத்துக்கு நார்வே தேசத்து நார்ஸ்க் ஹைட்ரோ கம்பெனியே பதில் சொல்லும். அப்போது நாற்பது தேசங்களில் 35,000 பேரை வைத்து அலுமினியத் தொழில் நடத்தி வந்த அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைக் கள்வர் 2019 மார்ச் 19-ல் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்டனர். கம்பெனி பணம் கொடுக்க மறுத்தது. அன்றைய தினமே பத்திரிகைக்காரர்களை அழைத்து நடந்ததைச் சொல்லிற்று. சொந்த இன்டர்நெட் பக்கம் முடங்கிப் போனதால் பேஸ்புக் மூலம் தினந்தோறும் தகவல் தந்தது. காகிதத்தில் எழுதிக் கதவுகளில் ஒட்டித் தொழிலாளரை எச்சரித்தது. கையாலேயே இயந்திரங்களை ஓட்டி வேலையை நடத்திற்று. நஷ்டம் கோடிக்கணக்கில்தான், ஆனால் நாணயம் நஷ்டமாகவில்லை. இன்றும் உலகம் அதை ஒரு நல்ல உதாரணமாக எடுத்துக்காட்டுகிறது. கம்ப்யூட்டரைக் கள்வன் பூட்டலாம். கம்பெனியின் வாயைக் கம்பெனியார்தாம் பூட்டிக்கொள்கிறார்கள்.

ஆகவே, களவு போன ஸ்தாபனம் செய்ய வேண்டியவை இவை என்று நாம் வற்புறுத்துகிறோம்.

முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும். ஆனால் தடயத்தை அழிக்கக் கூடாது. பயத்தில் கம்ப்யூட்டர்களைத் துடைத்து வைப்பது, கொலை நடந்த அறையைக் கழுவிவிடுவதற்கு ஒப்பாகும். எது போயிற்று, எவருடையது போயிற்று என்று பிறகு சொல்ல வழியின்றிப் போகும்.

இரண்டாவது, சர்க்காருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். செர்ட்-இன் என்ற மத்திய ஸ்தாபனம் 2022 ஏப்ரல் 28-ல் பிறப்பித்த உத்தரவின்படி, சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அதற்கு அறிக்கை செய்ய வேண்டும். நடமாட்டக் குறிப்புகளை 180 நாட்கள் பத்திரப்படுத்தவும் வேண்டும்.

மூன்றாவதும் முக்கியமானதுமான கடமை, உடையவனுக்குச் சொல்வது. என்ன போயிற்று, எப்பொழுது போயிற்று, அதனால் அவனுக்கு என்ன தீங்கு வரக்கூடும், கம்பெனி என்ன செய்திருக்கிறது, அவன் என்ன செய்துகொள்ள வேண்டும், சந்தேகமிருந்தால் யாரைக் கேட்க வேண்டும் ஆகிய ஆறும் அதில் இருக்க வேண்டும். "தங்கள் பாதுகாப்பே எங்கள் உயிர்மூச்சு" என்று தொடங்கி, ஒன்றும் சொல்லாமல் முடியும் அலங்காரக் கடிதங்கள் யாருக்கு வேண்டும்? அப்படிப்பட்ட கடிதத்தோடு, "இதைத் தொடுங்கள், ஓ.டி.பி. எண்ணைச் சொல்லுங்கள்" என்று கேட்கவும் கூடாது. தீ விபத்தில் திருடுகிறவர்களைப் போல, கம்பெனியின் பெயரையே சொல்லிக்கொண்டு மோசக்காரர்கள் டெலிபோன் செய்யும் காலம் அதுவே. "எங்கள் சிப்பந்தி எவரும் உங்களிடம் ஓ.டி.பி. கேட்கமாட்டார்" என்று திட்டமாகச் சொல்லிவிடுவது நூறு ஆறுதல் வார்த்தைகளுக்கு மேலானது.

நான்காவது, கள்வனுக்குக் கப்பம் கட்டக் கூடாது. நகலை அழித்துவிட்டேன் என்று கள்வன் சொல்லும் வாக்குக்கு ஜாமீன் யார்? ஐந்தாவது, பழியைக் கீழ்ச் சிப்பந்தியின் தலையில் கட்டிவிட்டு மேலதிகாரிகள் கையைக் கழுவிக்கொள்ளக் கூடாது. தவறு செய்தால் வேலை போகும் என்ற பயம் பரவுமிடத்தில், அடுத்த களவைக் கண்ட சிப்பந்தி அதையும் மறைத்துவிடுவான். ஆறாவது, வேண்டாத விவரங்களை இனியாவது சேர்த்து வைக்கக் கூடாது. கையில் இல்லாததைக் கள்வன் எடுக்க முடியாது. ஒரு சேலைக்குப் பில் போடுவதற்குச் செல்போன் எண்ணும், ஓர் இரவு தங்குவதற்குக் கொடுத்த ஆதார் நகலை வருஷக்கணக்காக மேஜை அறையில் வைத்திருப்பதும் எதற்கு? இந்தக் கேள்வி பெருங் கம்பெனிகளுக்கு மட்டுமல்ல, நமது ஊர்க் கடைகளுக்கும் லாட்ஜுகளுக்கும் உரியது.

இவையெல்லாம் தூர தேசத்துச் சங்கதிகள் என்று நமது நேயர்கள் நினைக்க வேண்டாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியின் பாலிஸிதாரர்களுடைய விவரங்கள், மருத்துவக் குறிப்புகள் உள்பட, டெலிகிராம் மூலம் கேட்டவர்க்குக் கிடைப்பதாக 2024 செப்டம்பரில் செய்தி வெளியாயிற்று. கள்வர் 68,000 டாலர் கேட்டு மிரட்டியதாகவும் பின்னர்த் தெரியவந்தது. கம்பெனியார் சென்னை ஹைக்கோர்ட்டை அணுகித் தடை உத்தரவு பெற்றனர். அது செய்ய வேண்டிய காரியமே. ஆனால் கோர்ட்டின் உத்தரவு எவ்வளவு கனமானதானாலும், ஒருவர் கையிலிருந்து ஆயிரம் பேர் கைக்குப் போன நகலைத் திரும்ப அழைக்கும் சக்தி அதற்கில்லை. தன் வியாதியைத் தன் குடும்பத்தாருக்குக்கூடச் சொல்லாமல் இன்ஷ்யூரன்ஸ் காகிதத்தில் மட்டும் எழுதிக் கொடுத்த மனிதனின் நிலைமையை எண்ணிப் பாருங்கள்.

அந்த மனிதனுக்குச் சட்டம் என்ன தருகிறது? அந்தரங்கம் மனிதனின் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24-ல் ஏகமனதாகத் தீர்ப்பளித்தனர். ஆறு வருஷம் கழித்து, 2023-ல் பார்லிமெண்டு தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றிற்று. அதற்குரிய விதிகள் வெளிவர மேலும் இரண்டு வருஷம் சென்றது. 2025 நவம்பரில் வெளிவந்த அவ்விதிகளும், களவு போனதை உடையவனுக்குத் தாமதமின்றி அறிவிக்க வேண்டும், 72 மணி நேரத்துக்குள் போர்டுக்கு விவரமான அறிக்கை தர வேண்டும் என்ற முக்கிய பாகத்துக்குப் பதினெட்டு மாதத் தவணை கொடுத்தன. பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய் வரையிலும், அறிவிக்கத் தவறினால் 200 கோடி ரூபாய் வரையிலும் அபராதம் என்பது மெச்சத்தக்கதே. ஆனால் அந்த அபராதம் எங்கே போகிறது? சட்டத்தின் 34-வது பிரிவின்படி இந்தியாவின் பொது நிதிக்கு. விவரத்தை இழந்தவனுக்கு ஒரு காசும் இல்லை.

அதுமட்டுமா? 2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008-ல் சேர்க்கப்பட்ட 43-ஏ என்ற பிரிவு, அஜாக்கிரதையாக இருந்து நஷ்டம் விளைவித்த கம்பெனி நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று கூறிற்று. புதிய சட்டத்தின் 44-வது பிரிவு அதை நீக்கிவிட வகை செய்திருக்கிறது. மாட்டைப் பறிகொடுத்தவன் வீதியில் நிற்க, பட்டிக் காவலன் கட்டிய அபராதம் கஜானாவுக்குப் போவது என்ன நியாயம்? 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், பிறர் பொருளை நம்பிக்கையாக வைத்திருப்பவன் சாதாரண விவேகமுள்ளவன் தன் பொருளைக் காப்பது போல அதைக் காக்க வேண்டும் என்று 151-வது பிரிவில் விதித்தது. அன்னியர் ஆட்சியில் ஒரு மூட்டை நெல்லுக்கு இருந்த பரிகாரம், சுயராஜ்யத்தில் ஒரு பிரஜையின் அந்தரங்கத்துக்கு இல்லாமற் போவதா?

இதைவிட நமது மனத்தைப் புண்படுத்தும் விஷயம் ஒன்றுண்டு. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் ஆயிரக்கணக்கான நமது இளைஞர்கள் ஐரோப்பியக் கம்பெனிகளின் கணக்கு வழக்குகளைக் கம்ப்யூட்டரில் பார்த்து வருகிறார்கள். 2018 மே 25 முதல் அமலிலுள்ள ஐரோப்பிய யூனியன் சட்டப்படி, அங்கே களவு நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்கு அறிக்கை. பெரிய தீங்கு வரக்கூடுமானால் உடையவனுக்கும் அறிவிப்பு. நஷ்டமடைந்தவனுக்கு ஈடு கேட்கும் உரிமை. ஜெர்மானியனின் விவரத்தை இவ்வளவு பயபக்தியுடன் காக்கும் அதே தமிழ் இளைஞன், மாலையில் வீடு திரும்பித் தன் சொந்த விவரம் களவு போனதைப் பத்திரிகை பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டுமா? அன்னியனுக்கு ஒரு நியாயம், சொந்த தேசத்தானுக்கு ஒரு நியாயம் என்பதை ஒழிப்பதற்காக அல்லவா நமது முன்னோர் சிறை சென்றனர்? பிறருக்குச் செய்யத் தெரிந்ததை நமக்குச் செய்துகொள்ளத் தெரியாது என்று நமது வர்த்தகர்கள் சொல்ல முடியாது.

ஆகையால் நாம் சர்க்காரைக் கேட்டுக்கொள்வது இரண்டு. இழந்தவனுக்கு நஷ்டஈடு கிடைக்கும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும். களவு அறிவிப்பு அவரவர் தாய்மொழியில் இருக்க வேண்டும் என்று கட்டாயமாக விதிக்க வேண்டும். விவரத்தை வாங்குகையில் தமிழில் விளம்பரம் செய்யும் கம்பெனி, அதைத் தொலைத்துவிட்டுச் சட்ட இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்பது பரிகாசமாகும். திருநெல்வேலிக் கிராமத்துப் பாட்டிக்குப் புரியாத எச்சரிக்கை எச்சரிக்கையே அல்ல.

வர்த்தகர்களுக்கு நாம் சொல்வதோ ஒன்றே. சட்டம் அமலுக்கு வரும் தேதியை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம். உண்மை சொல்வதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை. எந்த விதியும் பதினெட்டு மாதத் தவணை கேட்கவில்லை. வாக்கு நாணயமே முதல் என்று கடல் கடந்து வியாபாரம் செய்த பரம்பரை நம்முடையது. பூட்டு உடைந்த அன்றே, "ஐயா, உங்கள் பொருள் போயிற்று, எங்கள் குற்றமே, இதைச் செய்துகொள்ளுங்கள், நாங்கள் இதைச் செய்கிறோம்" என்று வாசலில் நின்று சொல்லும் வியாபாரியிடம் ஜனங்கள் மறுபடியும் வருவார்கள். சொல்லாமல் மறைத்தவனிடம், அவன் எவ்வளவு பெரிய பூட்டு மாட்டினாலும், எவரும் எதையும் நம்பி ஒப்புவிக்கமாட்டார்கள்.